அத்தியாயம் 7: டெக் ஷீட்டைக் கூரையாகப் போடும் முன்

பட்டறைக்கு ஷெட் போடப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: "சாதா ஷீட் எதுக்கு? டெக் ஷீட்டாப் போட்டுடுங்க. ஆனையே ஏறினாலும் அசையாது." சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. டெக் ஷீட் கனமானது, பலமானது. ஆனால் அது மாடித் தளத்துக்காகப் பிறந்த ஷீட். இரும்பு உத்தரங்களின் மேல் அதை விரித்து, கம்பி கட்டி, மேலே கான்கிரீட் ஊற்றுவார்கள். மழை அதன் உடம்பில் நேரடியாகப் படப்போவதில்லை என்ற எண்ணத்தில்தான் அதன் விளிம்பும் இணைப்பும் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் தொழிற்கூடங்களுக்கு டெக் ஷீட்டையே கூரையாகப் போடுவது வெகுகாலமாக உள்ள வழக்கம். அங்கும் அதன் மேல் வெப்பத்தடுப்புப் பலகையும் அதற்கு மேல் தண்ணீர் புகாத விரிப்பும் ஒட்டித்தான் கூரை முழுமை பெறும்.

நம் ஊரில் அந்த விரிப்பு கிடையாது. ஷீட்டே கூரை. ஆகவே மழையைத் தடுக்கும் வேலை முழுவதும் இணைப்புகளின் தலையில் விழுகிறது. காற்றைத் தாங்கும் வேலை ஸ்க்ரூக்களின் தலையில் விழுகிறது. கனம் இந்த இரண்டு வேலையையும் செய்யாது. இதை மனதில் வைத்துக்கொண்டு வாங்கினால் டெக் ஷீட் நல்ல கூரையாகும்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

டெக் ஷீட்டின் பலத்துக்கு வேலை இருக்கும் இடங்கள் இவை:

- தென்னை மரங்களுக்கு அடியில் உள்ள ஷெட். தேங்காய் விழுந்து கல்நார் ஷீட் உடைவதும் மெல்லிய தகரம் நெளிவதும் தோப்போரப் பட்டறைகளில் அன்றாடக் கதை.
- கூரை மேல் ஆள் அடிக்கடி ஏறி இறங்கும் இடம்: புகைபோக்கி, தூசி உறிஞ்சும் குழாய், தண்ணீர்த் தொட்டி, சோலார் தகடு.
- ஷீட்டைத் தாங்கும் குறுக்கு உத்தரங்களான பர்லின்களைக் குறைத்து, நாலைந்து உத்தரங்களுக்குள் வேலையை முடிக்க விரும்பும் சிறிய ஷெட்.
- மிச்சமான டெக் ஷீட் எடைக்கு மலிவாகக் கிடைத்திருப்பவர்.

இதில் எதுவும் உங்களுக்குப் பொருந்தவில்லையென்றால் 0.5 மி.மீ. வண்ணப்பூச்சுக் கூரை ஷீட்டை வாங்குங்கள். இணைப்பில் தண்ணீர் ஏறாமல் தடுக்கும் சிறு காடி அதில் உருட்டும்போதே வந்துவிடும். அதற்கேற்ற முகட்டு மூடி, ஓரத் தகடு, வெளிச்சத்துக்கான ஃபைபர் ஷீட் எல்லாம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். டெக் ஷீட்டுக்கு இவை ஒவ்வொன்றையும் தனியாகச் செய்வித்தாக வேண்டும்.

கேஜ் கேட்காதீர்கள், மில்லிமீட்டர் கேளுங்கள்

"20 கேஜ் சார்" என்று கடைக்காரர் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. பழைய பிரிட்டிஷ் வயர் கேஜ் கணக்கில் 20 என்பது 0.91 மி.மீ. அமெரிக்கக் கால்வனைஸ்டு ஷீட் கணக்கில் அதே 20 என்பது 1.0 மி.மீ. 22 கேஜில் வித்தியாசம் இன்னும் அதிகம்: ஒன்றில் 0.71, மற்றதில் 0.85. 18 கேஜ் ஒன்றில் 1.22, மற்றதில் 1.31. பில்லில் கேஜ் மட்டும் எழுதியிருந்தால் எந்தக் கணக்கு என்று பிறகு வாதாட முடியாது.

மில்லிமீட்டரிலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. சொல்லும் கனம் துத்தநாகப் பூச்சோடு சேர்த்தா, வெறும் இரும்பு மட்டுமா? 275 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 275 கிராம்) பூச்சு இரண்டு பக்கமும் சேர்ந்து கிட்டத்தட்ட 0.04 மி.மீ. கனத்தை எடுத்துக்கொள்ளும். பலத்தைக் கொடுப்பது இரும்புதான்.

கனத்தைச் சோதிக்க எளிய வழி எடைத் தராசு. 1 மி.மீ. தட்டைத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. அதை மேடு பள்ளமாக மடிக்கும்போது அகலம் சுருங்குவதால், 50 மி.மீ. ஆழமுள்ள டெக் ஷீட் மூடும் பரப்பில் சதுர மீட்டருக்குச் சுமார் 10.5 கிலோ வரும். நம் சதுர அடிக் கணக்கில் மனப்பாடம் செய்ய வசதியான எண்: 1 மி.மீ. டெக் ஷீட், சதுர அடிக்குச் சுமார் ஒரு கிலோ. 0.8 மி.மீ. என்றால் 800 கிராம், 1.2 மி.மீ. என்றால் 1 கிலோ 200 கிராம். சாதாரண 0.5 மி.மீ. கூரை ஷீட் சதுர அடிக்கு 450 கிராமை ஒட்டி இருக்கும். லாரி எடைச்சீட்டை மொத்தப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். கனம் குறைந்திருந்தால் சரக்கை இறக்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

விலையையும் இதே எண்ணால் ஒப்பிடலாம். கடைக்காரர் சொல்லும் கிலோ விலையே 1 மி.மீ. ஷீட்டின் சதுர அடி விலை. சாதா ஷீட்டைப் போல இரண்டு மடங்கு இரும்புக்குக் காசு கொடுக்கிறீர்கள் என்பது உடனே தெரியும். அந்தக் காசு பர்லினில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதுதான் அடுத்த கணக்கு.

எவ்வளவு தூரம் தாண்டும்

ஷீட் தொய்யாமல் நிற்பதற்குக் கனத்தைவிட ஆழம் பெரிய காரணம். கனத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பும் இரட்டிப்பாகும், அவ்வளவுதான். ஆழத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். 28, 30 மி.மீ. ஆழமுள்ள கூரை ஷீட்டுக்கு 1.2 முதல் 1.5 மீட்டருக்கு ஒரு பர்லின் வைக்கிறார்கள். 50 மி.மீ. டெக் ஷீட்டுக்கு அந்த இடைவெளி இரட்டிப்பாகிறது. ஆழம்தான் அதற்கு முதல் காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு. 50 மி.மீ. ஆழம், 1 மி.மீ. கனம் உள்ள ஷீட்டை 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு உத்தரங்களின் மேல் வைக்கிறோம். ஆள் ஏறிப் பழுதுபார்க்கும் கூரைக்கு ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி சொல்லும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 75 கிலோ. அதை ஏற்றினால் நடுவில் 7 மி.மீ. அளவுக்குத் தொய்வு வரும். இடைவெளியை 4 மீட்டர் ஆக்கினால் தொய்வு 23 மி.மீ. இடைவெளி மூன்றில் ஒரு பங்கு கூடியதற்குத் தொய்வு மூன்று மடங்கு. வாட்டம் குறைந்த கூரையில் இந்தத் தொய்வு தண்ணீர் தேங்கும் குழியாகிவிடும். அதனால் 3 மீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், அதாவது 40க்கு 20 அடி லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஒரே பக்க வாட்டம். உயரமான சுவரோரம் ஒரு உத்தரம், நடுவில் ஒன்று, தாழ்ந்த பக்கம் ஒன்று. மூன்றே வரிசை. மேலிருந்து கீழ் வரை ஒட்டில்லாத ஆறரை மீட்டர் ஷீட். நடு உத்தரத்தின் மேல் ஷீட் தொடர்ச்சியாகப் போவதால் தொய்வு, மேலே சொன்ன கணக்கில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். டெக் ஷீட் தன் விலைக்கு உழைக்கும் அமைப்பு இது. சாதா ஷீட்டானால் இதே கூரைக்கு ஐந்தாறு வரிசை வேண்டும்.

மிச்சம் எவ்வளவு என்பதில் ஏமாந்துவிட வேண்டாம். வரிசை பாதியானால் ஒவ்வொரு வரிசையும் இரட்டைப் பாரம் சுமக்கும். ஆகவே உத்தரம் பெரிதாகும். மொத்த இரும்பு எடையில் பெரிய லாபம் வராது. வெல்டிங் கூலி, துளை போடும் வேலை, பெயிண்ட் அடிக்கும் பரப்பு ஆகியவற்றில்தான் லாபம். பெரிய ஷெட்டுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ட்ரஸ்ஸும் ராஃப்டரும் பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொள்வது பர்லின்கள்தான். பாதிப் பர்லினை எடுத்துவிட்டால் அந்தப் பிடியும் போகும். 30 அடிக்கு மேல் அகலமான ஷெட்டில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்தில்லாமல் பர்லினைக் குறைக்காதீர்கள்.

"ராஃப்டரே மூணு மீட்டருக்கு ஒண்ணு இருக்கு, பர்லினே வேண்டாம், ஷீட்டை நேரா ராஃப்டர் மேல குறுக்க போட்டுடலாம்" என்று சில ஃபேப்ரிகேட்டர்கள் சொல்வார்கள். பலக் கணக்கில் அது நிற்கும், மழையில் நிற்காது. அப்படிப் போட்டால் பள்ளங்கள் வாட்டத்துக்குக் குறுக்கே ஓடும். ஒவ்வொரு பள்ளமும் தண்ணீர் நிற்கும் தொட்டியாகும். மேலே விரிப்பு ஒட்டும் நாடுகளில் அப்படிப் போட முடியும். வெறும் ஷீட்டே கூரையாக இருக்கும்போது பள்ளம் எப்போதும் வாட்டத்தின் திசையிலேயே ஓட வேண்டும்.

வாட்டமும் இணைப்பும்

வாட்டம் குறைந்தது பத்துக்கு ஒன்று. 20 அடி அகலத்துக்கு 2 அடி இறக்கம். இடம் இருந்தால் இன்னும் கூட்டுங்கள், தவறில்லை.

ஷீட் வந்ததும் இரண்டு துண்டுகளைத் தரையில் போட்டு ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். பக்க இணைப்பு மேட்டில் விழுகிறதா, பள்ளத்தில் விழுகிறதா? தளத்துக்கான பல டெக் ஷீட்டுகளில் அது பள்ளத்தில் விழும். கான்கிரீட்டுக்கு அதனால் ஒன்றும் இல்லை. மழைக்கு அது நேர் வழி. பள்ளத்தில் விழுந்தால் ஷீட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள், இணைப்பு மேட்டுக்கு வந்துவிடும். இரண்டு பக்கமும் கால்வனைஸ் செய்த ஷீட்டில் இதற்குத் தடையில்லை. ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசியதென்றால் வாங்கும் முன்பே இதைப் பார்த்தாக வேண்டும். எப்படித் திருப்பினாலும் இணைப்பு மேட்டுக்கு வராத வடிவமும், சத்தம் குறைக்கத் துளையிட்ட டெக் ஷீட்டும் கூரைக்கு ஆகாது.

கான்கிரீட்டைப் பற்றிக்கொள்ள டெக் ஷீட்டின் சரிவுகளில் சிறு புடைப்புகள் இருக்கும். இவற்றால் ஒரு ஷீட் இன்னொன்றின் மேல் ஒட்டி உட்காராது. அந்த இடைவெளியில் சாரல் புகும், நுண்ணிய சந்துகளில் தண்ணீர் தானே மேலே ஏறும். மேட்டு இணைப்பு முழுவதும் பியூட்டைல் டேப் ஒட்டியே ஆக வேண்டும். சிலிக்கானைப் பிதுக்கி வெளியே பூசுவது ஒரு வெயிலுக்குத் தாங்கும், அடுத்த வெயிலில் உரிந்து வரும். டேப் இரண்டு ஷீட்டுகளுக்கும் நடுவில் நசுங்கி இருக்க வேண்டும்.

டேப் ஒட்டிய இணைப்பை 450 மி.மீ.க்கு ஒரு சிறிய தையல் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். 3 மீட்டர் இடைவெளியில் ஒரு ஷீட்டின் மேல் ஆள் நடந்தால் அது மட்டும் தாழும், பக்கத்து ஷீட் தாழாது. இணைப்பு வாய் திறப்பது அப்போதுதான். தையல் ஸ்க்ரூ இரண்டையும் சேர்ந்து தாழ வைக்கும்.

மேலும் கீழும் ஒட்டு வராமல் முழு நீள ஷீட்டாக வாங்குவதே நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் உத்தரத்தின் மேல் 200 முதல் 250 மி.மீ. வரை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி, இரண்டு வரிசை டேப் ஒட்டுங்கள்.

முகட்டில் பள்ளங்களின் வாய் திறந்திருக்கும். அகலமான இடுக்கியால் பள்ளத்தின் நுனியை மேல்நோக்கி மடித்துவிட்டு அதன் மேல் முகட்டு மூடியைப் போட வேண்டும். 1 மி.மீ. தகட்டைக் கையால் மடிப்பது சுலபமில்லை. கூரையில் ஏற்றுவதற்கு முன் தரையிலேயே செய்துவிடுங்கள். இறவாரத்தில் நுனியைக் கீழ்நோக்கி வளைத்தால் தண்ணீர் ஷீட்டின் அடிப்பக்கமாகத் திரும்பி ஓடாது. இரண்டு முனைகளிலும் ஷீட் வடிவத்துக்கு வெட்டிய ஃபோம் அடைப்பான் வையுங்கள். வைக்காவிட்டால் அந்த ஓட்டைகள் அணிலுக்கும் குளவிக்கும் வீடாகும். கொத்தனாரை அழைத்து சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டாம். வெயிலில் ஷீட் நீண்டு சுருங்கும்போது கலவை வெடிக்கும். ஈரச் சிமென்ட் துத்தநாகத்தையும் அரிக்கும்.

தண்ணீர் போகும் வழியையும் கணக்குப் பாருங்கள். மணிக்கு 100 மி.மீ. வீதம் கொட்டும் மழையில் நம் 40க்கு 20 அடிக் கூரையிலிருந்து நிமிடத்துக்கு 120 லிட்டர் இறங்கும். ஓரக் கால்வாய்க்கு இரண்டு முனையிலும் ஒவ்வொன்றாக 110 மி.மீ. குழாய் வைத்தால், ஒன்று இலைதழையில் அடைத்தாலும் மற்றது காப்பாற்றும்.

காற்றுக்குக் கனம் பொருட்டில்லை

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். டெக் ஷீட் விஷயத்தில் அது எண்ணளவிலும் உண்மை. ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி சென்னைக்குத் தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் 39 மீட்டர். திருத்தக் காரணிகளைச் சேர்க்கும் முன் இதன் அழுத்தம் சென்னையில் சதுர மீட்டருக்கு 150 கிலோ, கோவையில் 93 கிலோ. ஷீட்டின் சொந்த எடை பத்தரைக் கிலோ. காற்று கூரையை மேலே உறிஞ்சும்போது அந்தப் பத்துக் கிலோவால் ஒன்றும் ஆகாது. மூலைகளிலும் ஓரங்களிலும் உறிஞ்சல், நடுப்பகுதியைவிட இரண்டு மடங்குக்கும் மேலே போகலாம். தானே (2011), வர்தா (2016), கஜா (2018) புயல்கள் கரை கடந்த பகுதிகளில் ஷெட் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பர்லின் இடைவெளியை அகலமாக்கினால் ஒவ்வொரு ஸ்க்ரூவின் பங்கும் ஏறுகிறது. சென்னைக் கணக்கில் 3 மீட்டர் இடைவெளியுள்ள நடு உத்தரத்தின் ஒவ்வொரு மீட்டரிலும் 450 கிலோவுக்கு மேல் மேல்நோக்கிய இழுப்பு வரும். 1 மி.மீ. ஷீட் வாஷரைச் சுற்றிக் கிழியாது. அது மெல்லிய ஷீட்டின் நோய். டெக் ஷீட் கூரையில் ஸ்க்ரூ பர்லினிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவதுதான் பயம். 2 மி.மீ. பர்லினில் ஒரு 5.5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 100 கிலோவுக்கு மேல் பொறுப்பு கொடுக்காமல் இருந்தால் மீட்டருக்கு ஐந்து ஸ்க்ரூ தேவை. ஷீட்டுக்கு மூன்று போதும் என்று ஃபிட்டர் சொல்வது, 1.2 மீட்டர் இடைவெளியில் சாதா ஷீட் போட்டுப் பழகிய கணக்கு.

செய்ய வேண்டியவை:

- ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்க்ரூ. ஓரத்திலும் மூலையிலும் பள்ளத்துக்கு இரண்டு.
- உயரமான மேட்டில் நீள ஸ்க்ரூ போட்டால் காற்றில் அது முன்னும் பின்னும் ஆடி ஓட்டையைப் பெரிதாக்கும். பெருங்காற்று உள்ள ஊரில் பள்ளத்தில் போடுவதே உறுதி. அங்கே தண்ணீர் ஓடும் என்பதால் ஈ.பி.டி.எம். ரப்பர் வாஷர் தரமானதாக இருக்க வேண்டும்.
- தடித்த சேனலில் போட, அந்தக் கனத்தைத் துளைக்கும் முனையுள்ள ஸ்க்ரூவைக் கேட்டு வாங்குங்கள். மெல்லிய பர்லினுக்கான முனை தடித்த இரும்பில் பாதியிலேயே கருகி நின்றுவிடும்.
- ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கும் வரை மட்டும் இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் ரப்பர் கிழியும். முறுக்கு அளவு வைக்கும் வசதியுள்ள ட்ரில்லைப் பயன்படுத்துங்கள்.
- மழைக்காற்று வரும் திசைக்கு எதிர் முனையிலிருந்து ஷீட் போடத் தொடங்குங்கள். சென்னைக் கடலோரத்தில் வடகிழக்கு மழை என்பதால் தெற்கு அல்லது மேற்கு முனையில் தொடங்கினால், இணைப்பின் வாய் மழைக்கு முதுகு காட்டும்.

துருவும் துத்தநாகமும்

இரும்பின் கனத்தை விசாரிக்கிற அளவுக்கு யாரும் துத்தநாகத்தை விசாரிப்பதில்லை. 120 ஜி.எஸ்.எம். என்றால் ஒவ்வொரு பக்கமும் 8 மைக்ரான். 275 என்றால் 19 மைக்ரான். காற்றின் அரிப்புத் தன்மையை ஐ.எஸ்.ஓ. 9223 தரநிலை வகுப்புகளாகப் பிரிக்கிறது. நடுத்தர நகரக் காற்றில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை கரையும். அதற்கு அடுத்த வகுப்பில், கடலோரத்தில் எதிர்பார்க்கக்கூடிய உப்புக் காற்றில், 2.1 முதல் 4.2 வரை. ஆக, 120 ஜி.எஸ்.எம். ஷீட்டின் பூச்சு உப்புக் காற்றில் நான்கு ஆண்டுக்குள் தீர்ந்துவிடலாம். 275 கூட அதிகம் போனால் எட்டொன்பது ஆண்டுதான் தாங்கும். தளத்துக்கென்று விற்கும் ஷீட்டில் 120 ஜி.எஸ்.எம். பரவலாக வருகிறது. கான்கிரீட்டுக்கு அடியில், கட்டடத்துக்கு உள்ளே இருப்பதற்கு அது போதும். வானம் பார்த்த கூரைக்கு 275 கேளுங்கள். கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருந்தால் அதன் மேல் பெயிண்டும் தேவை.

சாதாரண எனாமலைக் கால்வனைஸ் மேல் நேரடியாக அடித்தால் ஒட்டாமல் தகடு தகடாக உரியும். கால்வனைஸுக்கான பிரைமர் அடித்த பிறகே பெயிண்ட். ஆசிட் கழுவல், முலாம் பூசுதல் நடக்கும் பட்டறைகளில் ஆவி உள்ளிருந்தே துத்தநாகத்தைத் தின்னும். அங்கே எவ்வளவு கனமான ஷீட்டானாலும் கால்வனைஸ் பூச்சை நம்பக் கூடாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். மேலே ஒரு வண்ண ஷீட் கூரை, அதன் தண்ணீர் கீழே உள்ள கால்வனைஸ் கூரையில் விழுகிறது என்றால், விழும் இடத்தில் துத்தநாகம் வேகமாகக் கரையும். தாழ்கூரை போடுகிறவர்கள் மேல்கூரைத் தண்ணீரைக் குழாயில் இறக்கிவிடுங்கள். ஏ.சி. செப்புக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரும் அப்படித்தான்.

வெயில்

கனமான ஷீட் குளுமையாக இருக்கும் என்ற நம்பிக்கை ஆதாரமற்றது. அரை மில்லியும் ஒரு மில்லியும் வெப்பத்தைத் தடுப்பதில் ஒன்றுதான், இரண்டுமே தடுப்பதில்லை. சித்திரை வெயிலில் வெறும் ஷீட் 60 டிகிரியைத் தாண்டும். அதன் அனல் கீழே நிற்பவர் தலையில் இறங்கும். வெள்ளைக் குளிர்கூரைப் பூச்சு முதல் படி. ஷீட்டுக்கும் உத்தரத்துக்கும் நடுவே கம்பி வலை மேல் 50 மி.மீ. கண்ணாடிக் கம்பளி விரித்தால் பெரிய மாற்றம் தெரியும், மழைச் சத்தமும் அடங்கும். இதை ஷீட் போடும்போதே செய்ய வேண்டும், பிறகு செய்வது இரட்டைக் கூலி. டெக் ஷீட் வடிவத்துக்குப் பொருந்தும் ஃபைபர் ஷீட் கிடைப்பது அரிது என்பதால், வெளிச்சத்துக்குக் கூரையை வெட்டாமல் வடக்குச் சுவரின் மேல்பகுதியில் பாலிகார்பனேட் பட்டை வையுங்கள்.

ஏற்றும் நாளில்

ஆறரை மீட்டர் டெக் ஷீட் ஒன்று 60 கிலோவைத் தாண்டும். இரண்டு பேர் தூக்கும் வேலையில்லை. நான்கு பேர், எல்லோருக்கும் தோல் கையுறை. கயிறு கட்டி, பலகைச் சாய்வில் இழுத்து ஏற்றலாம். ஏற்றிய ஷீட்டை அன்றே நான்கு மூலையிலும் ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்கள். மேலே அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். தை முதல் பங்குனி வரை மழையும் காற்றும் அடங்கிய காலம், கூரை வேலைக்கு ஏற்றது.

ஷீட்டைக் கட்டாகவே மழையில் விட்டால் இடுக்கில் தண்ணீர் நின்று வெள்ளைத் துரு பூக்கும். ஒரு முனையை உயர்த்தி, இடையில் சட்டம் வைத்து, தார்ப்பாய்க்குள் காற்று போகும்படி அடுக்குங்கள்.

உரசு சக்கரத்தால் ஷீட்டை வெட்ட வேண்டாம். தீப்பொறி விழுந்த இடமெல்லாம் துத்தநாகத்தில் ஒட்டிக்கொண்டு சில நாளில் செம்புள்ளியாகும். வெட்டிய ஓரமும் வெந்துபோகும். நிப்ளர் அல்லது தகடு வெட்டும் வட்ட ரம்பம் போதும். துளையிட்ட இரும்புத் தூளை அன்று மாலையே பெருக்கி எடுங்கள்.

பட்டறைக்காரர் கையில் வெல்டிங் மெஷின் சும்மா இருக்காது. ஷீட்டை உத்தரத்தோடு பற்றவைத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். தளத்துக்கு அப்படிச் செய்வது உண்டு. கூரையில் பற்றவைத்த ஒவ்வொரு புள்ளியும் பூச்சு எரிந்த புள்ளி, முதல் மழையிலேயே துருப்பிடிக்கும். துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு அன்றிரவு குளிரும் காய்ச்சலும் வரும்.

செயின் பிளாக்கையோ மின்விசிறியையோ ஷீட்டில் தொங்கவிடக் கூடாது. பாரம் தூக்குவது எதுவானாலும் அதற்கென்றே கணக்கிட்ட ராஃப்டரில் மாட்டுங்கள். சோலார் தகட்டின் சட்டமும் உத்தரம் வரை இறங்கிப் பிடிக்க வேண்டும்.

எடைக்கு வாங்கும்போது

கட்டட வேலை முடிந்து மிச்சமான டெக் ஷீட்டும் கழற்றிய பழைய ஷீட்டும் காயலான் கடைகளுக்கு வருகின்றன. மிச்சச் சரக்கு பல நேரம் நல்ல பேரம். பார்க்க வேண்டியவை: எல்லாம் ஒரே வடிவமா, உங்கள் வாட்டத்தின் முழு நீளத்துக்கு வருமா, போக்குவரத்தில் நெளிந்து விளிம்பு சேராமல் போகிறதா. இரண்டு வேறு நிறுவனங்களின் ஷீட் ஒன்றோடொன்று பொருந்தாது. கழற்றிய ஷீட்டில் ஆணியும் வெல்டும் விட்ட ஓட்டைகளை எண்ணிப் பாருங்கள். சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று ஓட்டை என்றாலே அதை வேலிக்கோ பக்கச் சுவருக்கோ வைத்துக்கொள்ளலாம், தலைக்கு மேல் வேண்டாம்.

ஆர்டர் சீட்டில் எழுத வேண்டியவை

வாய்மொழியாகச் சொன்னது சரக்கு வரும் நாளில் யாருக்கும் நினைவிருக்காது. கீழே உள்ளதைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்:

1. பூச்சு நீங்கலாக இரும்பின் கனம், மில்லிமீட்டரில். ஷீட்டின் ஆழம்.
2. துத்தநாகம் 275 ஜி.எஸ்.எம்., ஐ.எஸ். 277 படி, மில் சான்றிதழுடன்.
3. பக்க இணைப்பு மேட்டில் வரும் வடிவம். மாதிரித் துண்டு இரண்டு முன்கூட்டியே.
4. ஷீட்டின் நீளம், எண்ணிக்கை, மூடும் அகலம்.
5. அதே வடிவத்துக்கு முகட்டு மூடி, ஓரத் தகடு, ஃபோம் அடைப்பான்.
6. ஸ்க்ரூவின் நீளம், முனை, வாஷர் வகை, ஒவ்வொரு உத்தரத்திலும் எத்தனை என்ற வரைபடம்.
7. பியூட்டைல் டேப் எத்தனை மீட்டர்.
8. முதல் மழைக்குப் பிறகு ஃபிட்டர் ஒருமுறை வந்து ஒழுகல் பார்த்துத் தருவது, அதற்காகக் கூலியில் ஒரு பகுதி நிறுத்திவைப்பது.

எட்டாவதை மட்டும் ஃபிட்டர் மறுப்பார். மற்ற ஏழையும் ஒப்புக்கொண்டு இதை மறுப்பவர், தன் இணைப்புகளையும் ஸ்க்ரூக்களையும் தானே நம்பவில்லை என்று பொருள். வேறு ஆளைப் பாருங்கள்.